20-ஆம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துவிடுகிறது, பணத்தில் சுயக்கட்டுப்பாட்டை வளர்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 29, கோயம்புத்தூரில் தனியார் வேலை, கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். அறை வாடகை 8,500, ஊருக்கு அனுப்புவது 7,000, பர்சனல் லோன் தவணை 6,240, அது இன்னும் 22 மாதம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 68,000 நிலுவை, அதற்கு மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறீர்கள். செலவெழுதும் ஆப் மூன்று முறை போட்டும் பத்து நாளைத் தாண்டவில்லை. "எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது, அதை எப்படி வளர்ப்பது? ஆபீசில் நடக்கும் சீட்டில் சேர்ந்தால் சரியாகுமா?" என்பது கேள்வி. இதில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. ஒன்று மனசு. இன்னொன்று, எந்தப் பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது. நீங்கள் முதலாவதைக் கேட்கிறீர்கள். உங்கள் எண்களைப் பார்த்தால் இரண்டாவதைச் சரிசெய்வதுதான் அவசரம் என்று தெரிகிறது. கடனில் இருப்பவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்து வழி சொல்வது என் தொழில். உளவியல் நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அதனால் கணக்கு பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், மனசு பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனக்கட்டுப்பாடு என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சக்தி என்ற கருத்து 1998-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பதற்கும் ஆதாரம் இல்லை. லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் சோதித்தது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது மாதிரி தினமும் செய்கிற காரியங்களை. சம்பள நாள் வருஷத்துக்கு 12 முறைதான் வருகிறது. 12 முறை செய்யும் ஒரு காரியம் பழக்கமாகும் என்று காத்திருந்தால் ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். சேமிப்பையும் கடன் அடைப்பையும் பழக்கத்திடம் விடாமல் வங்கியின் தானியங்கி உத்தரவிடம் விடச் சொல்வது இதனால்தான்.

கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று: தன் பணத்தைத் தானே எடுக்க முடியாதபடி பூட்டிக்கொள்வது பலனளிக்கிறது. பிலிப்பைன்சில் ஒரு வங்கி, குறித்த தேதி அல்லது குறித்த தொகை வரும் வரை எடுக்க முடியாத கணக்கு ஒன்றைத் தந்து பார்த்தது. 2006-இல் வெளியான அந்த ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர்தான் அந்தக் கணக்கை ஏற்றார்கள். ஆனாலும் வாய்ப்பு தரப்பட்ட குழுவின் சராசரிச் சேமிப்பு ஒரு வருஷத்தில் மற்றவர்களைவிட 81 சதவீதப் புள்ளிகள் அதிகமாக உயர்ந்தது. நம் பக்கத்திலும் ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள் (2013). கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே ஆட்களே யோசனைச் சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதேபோல் சோதித்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. அதனால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாத எச்சரிக்கை ஒன்றை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: மாதக் கடைசி வாரத்தில் எந்தக் கடன் முடிவும் எடுக்காதீர்கள். பர்சனல் லோன் "டாப்-அப்" (இருக்கும் லோனின் மேலேயே இன்னும் கடன்) அழைப்பு 25-ஆம் தேதி வந்தால், "அஞ்சாம் தேதிக்கு மேல கூப்பிடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

இனி கார்டு. உங்கள் நிலைமையில் தீ பிடித்திருக்கும் இடம் இதுதான். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்கிறேன் (பெரும்பாலும் 3-லிருந்து 3.75-க்குள் இருக்கும், ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்). 68,000-க்கு ஒரு மாத வட்டி 2,380. வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 428. ஆக 2,808. மினிமம் 5 சதவீதம் என்றால் 3,400. நீங்கள் 3,400 கட்டுகிறீர்கள், அசலில் குறைவது 592. மேலும், முழுத் தொகை கட்டாத வரைக்கும் வட்டியில்லாக் காலம் என்பது உங்களுக்குக் கிடையாது. இன்று கார்டில் போடும் பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. வரியோடு சேர்த்தால் இது நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய்க்கும் மேல். "நாலு வட்டிக்கு வாங்கியிருக்கேன்" என்று ஊரில் சொல்லிப் பாருங்கள், வீட்டில் என்ன திட்டு விழும் என்று உங்களுக்கே தெரியும். கார்டில் அதே நாலு வட்டி பளபளப்பான பிளாஸ்டிக்கில் வருவதால் யாரும் திட்டுவதில்லை.

அதனால் முதல் வேலை, வங்கியைக் கூப்பிட்டு நிலுவையைத் தவணையாக மாற்றச் சொல்வது. 16 சதவீதம், 12 மாதம் என்று கிடைத்தால் மாதத் தவணை 6,170, வட்டிக்கான ஜி.எஸ்.டி.யோடு முதல் மாதம் சுமார் 6,330, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மொத்தமாக வட்டி, வரி, 1 சதவீதச் செயலாக்கக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 8,000-க்குள் முடியும். மாற்றாமல் பழைய வட்டியிலேயே மாதம் 8,000 கட்டினாலும் 11 மாதம் ஆகும், வட்டியும் வரியுமாக 17,500 போகும். மாற்றும்போது மூன்று இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது, கடைசி ஸ்டேட்மென்ட் தேதிக்கும் மாற்றிய தேதிக்கும் நடுவிலுள்ள வட்டி அடுத்த பில்லில் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து அதைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும். இரண்டாவது, ஆட்டோ-பேயில் "மினிமம் தொகை" என்று பழைய தேர்வு அப்படியே இருக்கும். அதை "முழுத் தொகை" என்று மாற்றுங்கள். மூன்றாவதுதான் பெரியது. நீங்கள் கட்டக் கட்ட கார்டின் லிமிட் திறந்துகொண்டே வரும். அதில் மறுபடி வாங்கினால் தவணையும் இருக்கும், புதுக் கடனும் இருக்கும்.

நகைக்கடன் வைத்து கார்டை அடைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வட்டிக் கணக்குப்படி லாபம்தான். வருஷத்துக்கு 10 சதவீதம் என்றால் 68,000-க்கு மாதம் 567 ரூபாய்தான். ஆனால் பெரும்பாலான நகைக்கடன்களில் மாதாமாதம் அசல் கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறுபடி திருப்பி வைப்பதாகவே அது ஓடும். தவறினால் ஏலம். தேதி தவறாமல் கட்டும் ஒழுங்கு இன்னும் வராத ஒருவருக்கு, கேட்காத கடனைவிடக் கேட்கும் கடனே பாதுகாப்பு என்பது என் கருத்து. அம்மாவின் நகை என்றால் இன்னும் யோசியுங்கள்.

சரி, 42,000-ஐப் பிரிப்போம். வாடகை, வீடு, லோன் மூன்றும் போனால் 20,260. கார்டுத் தவணை 6,330 போனால் 13,930. வருஷச் செலவுக்கு 2,000, அவசரத்துக்கு 1,000, போன், நெட், கரண்ட் பங்கு 1,200. மிச்சம் 9,730. இதை மாத ஆரம்பத்தில் மொத்தமாகக் கையில் கொடுத்தால் மறுபடி 20-ஆம் தேதிதான். ஆகவே சம்பளக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கியின் செலவுக் கணக்குக்கு நான்கு தானியங்கி மாற்றங்கள் போடுங்கள்: 3, 10, 17 தேதிகளில் தலா 2,200, 24-ஆம் தேதி 2,900 (மீதி 230 சம்பளக் கணக்கிலேயே கிடக்கட்டும்). கடைசி தவணை ஏன் பெரிது என்றால், 24-லிருந்து அடுத்த 3 வரை ஒன்பது பத்து நாள் ஓட வேண்டும். இதைச் சாதாரண வாரம் என்று நினைத்து 2,200 போட்டவர்கள் எல்லோரும் மாதக் கடைசியில்தான் உடைவார்கள். வாரம் 2,200 என்பது கறாரான தொகை, மறைக்க வேண்டியதில்லை. மெஸ்ஸும் பெட்ரோலுமே அதைத் தாண்டுகிறது என்றால் கார்டுத் தவணையை 18 மாதமாகப் போடுங்கள். மாதம் 4,440 வாக்கில் வரும், வாரத்துக்கு இன்னொரு 440 கிடைக்கும். அதற்கு விலை, மொத்தத்தில் வட்டியும் வரியுமாகச் சுமார் 3,400 ரூபாய் கூடுதல். முடியாத திட்டத்தை மூன்றாவது வாரம் கைவிடுவதைவிட அது மலிவு.

இந்த ஏற்பாட்டின் உயிர் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது: போனில் இருக்கும் எல்லா யு.பி.ஐ. ஆப்களிலிருந்தும் சம்பளக் கணக்கை நீக்கிவிட வேண்டும். கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் செலவுக் கணக்கிலிருந்து மட்டும்தான் போக வேண்டும். சம்பளக் கணக்கின் டெபிட் கார்டை அறையில் பெட்டிக்குள் வையுங்கள், பர்சில் வேண்டாம். தினமும் முப்பது தடவை "வேண்டாம்" என்று மனசுக்குச் சொல்லும் வேலையை, மாதத்தில் ஒரு நாள் செய்யும் ஏற்பாடாக மாற்றுகிறோம். நீங்கள் கேட்ட சுயக்கட்டுப்பாடு என்று நான் புரிந்துகொள்வது இந்த ஒரு நாள் வேலையைத்தான்.

சம்பளக் கணக்கில் ஒரு தவணைத் தொகை, அதாவது 6,500 வாக்கில், எப்போதும் தொடாமல் கிடக்கட்டும். கிடைக்கும் முதல் போனஸிலோ ஓவர்டைமிலோ அதை நிரப்புங்கள். காரணம் இது: 2021 ஆகஸ்ட் 1 முதல் தவணை பிடிக்கும் 'நாச்' முறை ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் ஓடுகிறது. முன்பு மாதிரி 5-ஆம் தேதி ஞாயிறு என்றால் திங்கட்கிழமை வரை அவகாசம் என்பது இல்லை. சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போய்த் தவணை திரும்பினால், உங்கள் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என்று ஒரே அடியில் பல நூறு போகும். கிரெடிட் ஸ்கோரும் இறங்கலாம். போதிய பணமில்லாமல் மின்னணுப் பற்று திரும்புவது, 2007-ஆம் வருஷ பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி காசோலை திரும்புவது போலவே வழக்குக்கு உரிய விஷயமும்கூட. தவணைத் தேதி சம்பளத் தேதிக்கு மிக நெருக்கமாக இருந்தால், 7 அல்லது 10-க்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள், சில இடங்களில் மறுப்பார்கள்.

ஆப்பில் தினமும் செலவெழுதுவதை விட்டுவிடுங்கள். பத்து நாளில் நின்றுபோவது உங்கள் குறை அல்ல; நாளுக்குப் பதினைந்து யு.பி.ஐ. போடும் ஒருவர் எழுதி முடிப்பதே தனி வேலை. அதற்குப் பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கடைசி மூன்று மாத வங்கி, கார்டு ஸ்டேட்மென்ட்களை அச்செடுத்து உட்காருங்கள். 1,000 ரூபாய்க்கு மேலுள்ள ஒவ்வொரு வரியையும் முதலில் வட்டமிடுங்கள். டீ, வடையைத் தேடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் ஆரம்பித்து, இருபது ரூபாய் டீயை நிறுத்தி, நான்கு நாளில் எரிச்சலாகி விட்டுவிடுவார்கள். இந்த மாதிரிக் கணக்குகளில் நான் வழக்கமாகப் பார்ப்பது, மாதத்துக்கு ஆறேழு பெரிய வரிகள்: சனிக்கிழமை ஹோட்டல், தள்ளுபடியில் வாங்கிய ஷூ, நண்பனுக்குக் கொடுத்த கைமாத்து, வண்டி ரிப்பேர். அவற்றில் எவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை, எவை அந்த நேரத்து ஆசை என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து, யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். மறந்துபோன சந்தாக்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். 15,000 ரூபாய் வரையிலான தொடர் பற்றுகளுக்குப் பொதுவாக ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். 24 மணி நேரம் முன்னால் ஒரு எஸ்.எம்.எஸ். வரும், அதை யாரும் படிப்பதில்லை.

வருஷச் செலவுக்கு 2,000 எதற்கு என்று தோன்றலாம். என் பார்வையில், ஒழுங்காகப் போகும் திட்டத்தை உடைப்பது பெரும்பாலும் இந்த வகைச் செலவுதான். தீபாவளித் துணியும் ஊருக்குப் போய்வருவதும் 8,000, வண்டி இன்சூரன்ஸ் 1,800, சர்வீஸும் டயரும் 3,200, மொய் 6,000, வீட்டில் மருத்துவம் 5,000. கூட்டினால் 24,000, மாதம் 2,000. இவை எதுவுமே திடீர்ச் செலவு அல்ல, எந்த மாதம் வரும் என்பதுகூட ஓரளவு தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வராது. ஆவணி, தை, வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று வரும். ஆவணியில் 4,000 மொய் எழுதிவிட்டுக் கார்டில் அரிசி வாங்குகிறவர் செலவாளி அல்ல, ஆனி மாதத்தில் எடுத்து வைக்காதவர். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும், பட்டியலை நீங்களே போடுங்கள். இந்தப் பணமும் அவசரப் பணமும் யு.பி.ஐ. இணைக்காத மூன்றாவது கணக்கில் இருக்கட்டும்; தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு இதற்கு நல்ல இடம், எடுக்க நடந்து போக வேண்டும் என்பதே அதன் சிறப்பு.

அவசரப் பணம் ஆறு மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாலு வட்டிக் கடன் இருக்கும்போது அது பொருந்தாது. முதலில் 12,000 சேர்த்தால் போதும், அதாவது ஒரு பல் டாக்டர் செலவோ ஒரு திடீர் ஊர்ப் பயணமோ வந்தால் கார்டைத் தொடாமல் இருக்கும் அளவு.

கார்டை வெட்டிப் போடுவதா வேண்டாமா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நிலுவை இருக்கும்போது கணக்கை மூட முடியாது, பிளாஸ்டிக்கை வெட்டினாலும் எண் ஆப்களில் இருக்கும். அதனால் முதலில் வங்கி ஆப்பில் இணையப் பரிவர்த்தனை, டேப் செய்து கட்டுவது, வெளிநாட்டுப் பயன்பாடு மூன்றையும் அணைத்துவிடுங்கள். இந்த வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உணவு, துணி ஆப்களில் சேமித்து வைத்த கார்டையும் நீக்குங்கள். லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நிலுவை முடிந்த பிறகு மூட விரும்பினால், கோரிக்கை கொடுத்த 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மிகப் பழைய கார்டை மூடினால் ஸ்கோர் கொஞ்சம் அசையலாம். எவ்வளவு என்பது ஒவ்வொருவரின் கடன் வரலாற்றைப் பொறுத்தது. உங்கள் நிலையில் அதற்காகக் கவலைப்பட மாட்டேன். ஸ்கோர் விவரத்தை நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருஷம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம்.

எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதத்தில் பொதுவாக உடையாது, உற்சாகம் இருக்கும். இரண்டாவது மாதத்தின் நடுவில், புதன்கிழமையே வாரப் பணம் தீர்ந்து, சம்பளக் கணக்கிலிருந்து "ஐந்நூறு மட்டும்" எடுக்கத் தோன்றும். அதற்கு இப்போதே விதி வையுங்கள்: மாதத்துக்கு ஒரு முறை 300 ரூபாய் எடுக்கலாம், எதற்கு என்று ஒரு வரி எழுத வேண்டும், அடுத்த வாரத்தில் கழிக்க வேண்டியதில்லை. கழிக்கச் சொன்னால் அடுத்த வாரமும் உடையும். அதேபோல் வாரப் பணத்தில் 250 ரூபாய் யாரும், நீங்களும்கூட, கணக்குக் கேட்காத பணமாக இருக்கட்டும். சினிமாவோ பிரியாணியோ உங்கள் இஷ்டம். எல்லாவற்றையும் வெட்டிய திட்டம் ஒரு நாள் தவறியதும், "போனது போச்சு" என்று மாதம் முழுக்கப் போய்விடும்.

இன்னொரு ஓட்டை நண்பர்கள். கைமாத்து கேட்டால் மறுக்க முடியவில்லை என்று உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பொய் சொல்லத் தேவையில்லை. "மச்சான், சம்பளம் வந்த மறுநாளே எல்லாம் ஆட்டோவுல போயிடுது, வாரத்துக்கு ரெண்டாயிரம்தான் கைல இருக்கு" என்பது இப்போது உண்மையாகவே இருக்கும். வீட்டிலும் சொல்லுங்கள். கார்டுக் கடனை மறைத்துக்கொண்டு தங்கச்சி வளைகாப்புக்கு 20,000 ஒப்புக்கொள்வதுதான் அடுத்த டாப்-அப் லோனுக்கு வழி. அம்மாவிடம் தொகையைச் சொல்லத் தயக்கம் என்றால், "அடுத்த தீபாவளி வரைக்கும் என்னால ஏழாயிரத்துக்கு மேல முடியாதும்மா" என்று தேதியோடு சொன்னால் போதும். எல்லை எப்போது முடியும் என்று தெரிந்தால் வீட்டில் ஒத்துக்கொள்வது எளிது.

மாதம் ஒரு முறை, 2-ஆம் தேதி இரவு என்று வையுங்கள், ஒரு நோட்டில் நான்கு எண்கள் மட்டும் எழுதுங்கள்: கார்டில் பாக்கி, லோன் அசல் பாக்கி, வருஷச் செலவுப் பணம், அவசரப் பணம். செலவு எதையும் எழுத வேண்டாம். இதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

சீட்டுக்கு வருகிறேன். சீட்டு பலரை ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். தேதி தவறினால் பத்துப் பேருக்குத் தெரியும் என்ற கூச்சம் எந்த ஆப்பையும்விட வலுவானது. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன், இரண்டு காரணத்துக்காக. நாலு வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு சீட்டில் போடும் 2,000 அந்தக் கடனிலேயே போட்டால் வரும் லாபத்தை எந்தச் சீட்டும் தராது. இரண்டாவது, ஆபீஸ் சீட்டு பெரும்பாலும் பதிவு செய்யப்படாதது. 1982-ஆம் வருஷ சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டில் நடத்துபவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு (2019 திருத்தத்துக்குப் பின் 7 சதவீதம்), பதிவாளரிடம் முறையிடலாம். பதிவில்லாததில், நடத்துகிறவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் கையில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழுதான். கடன் முடிந்தபின் அந்தக் கூச்சத்தின் உதவி தேவை என்றால், பதிவு எண்ணைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான் சொன்னது பொருந்தாத சூழல்களும் உண்டு. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் ஆன்லைன் ரம்மி, பெட்டிங் வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் இந்த வாரக் கணக்கு வேலை செய்யாது. அது அடிமைப்பழக்கம், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாருக்காவது நீண்ட சிகிச்சை நடந்து வருமானமே போதவில்லை என்றாலும், பிரச்சினை கட்டுப்பாடு அல்ல. அங்கே கடன் கொடுத்தவரிடம் காலத்தை நீட்டித்துக் கேட்பதுதான் வழி. அப்போது "செட்டில்மென்ட்" என்று பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் கடன் வரலாற்றில் அது 'முழுதும் கட்டி முடித்தது' என்று பதியாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

12 மாதத்தில் கார்டு முடியும்போது கையில் மாதம் 6,000 சொச்சம் விடுபடும். உடனே பர்சனல் லோனை முன்கூட்டியே அடைக்கத் தோன்றும், அது மட்டும் அவசரம் வேண்டாம். லோன் வட்டி 14 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், அப்போது 10 தவணை மீதி இருக்கும், அசல் பாக்கி சுமார் 58,600. கடைசி வரை கட்டினால் இனிப் போகும் வட்டி 3,800 வாக்கில்தான். முன்கூட்டியே அடைக்க 4 சதவீதக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 2,760 ஆகும். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காகக் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் காலி செய்வதைவிட, அந்த 6,000 ரூபாயை, கார்டுத் தவணை போன அதே தேதியில், அவசரப் பணக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். கடன் தீர்ந்த மாதத்தில் அந்தத் தானியங்கி உத்தரவை நிறுத்தாமல் போகும் இடத்தை மட்டும் மாற்றினால், பணம் விடுபட்டதே உங்கள் செலவுக் கணக்குக்குத் தெரியாது. உங்கள் லோன் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் இல்லை என்றிருந்தாலோ வட்டி 18-க்கு மேல் இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். அந்த இரண்டு எண்ணையும், கார்டு ஸ்டேட்மென்ட்டில் உள்ள மாத வட்டி விகிதத்தையும் எழுதினால் தொகைகளை உங்களுக்கே பொருந்தும்படி திருத்தித் தருகிறேன்.